ஈரிழைத் துண்டு

தோளில் ஒரே பையோடு பதினைந்து வருடமாக ஊர் சுற்றுகிறேன். "குளியலுக்கெல்லாம் என்னடி பண்ணுவே?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். குளிக்க எங்கேயும் வழி பிறந்துவிடும். ஸ்டேஷனில் கட்டணக் குளியலறை உண்டு, ஆற்றங்கரை ஊரில் படித்துறை உண்டு. ஒன்றுமே இல்லாத இடத்தில் அரை வாளித் தண்ணீர் போதும். துவைத்ததைக் காயவைப்பதுதான் பெரும்பாடு.

இதைச் சிரபுஞ்சியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர். சென்னைக்கு 1,400 பக்கம்தான். நான் போனது ஜூலையில். துவைத்துப் போட்ட சுடிதார் மூன்று நாளாகியும் காயவில்லை. நாடாப் பட்டியில் ஈரம் இருப்பது தெரிந்தும் போட்டுக்கொண்டேன். இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை வந்து, ஊர் திரும்பி இரண்டு மாதம் மருந்து போட்டேன். கிளம்புவதற்கு முந்தின இரவு, தங்கியிருந்த வீட்டு அம்மா என் துணிகளைத் தொட்டுப் பார்த்தார். பேசாமல் எடுத்துப் போய் அடுப்புக்கு மேலே தொங்கிய மூங்கில் தட்டியில் பரப்பினார். விடிந்ததும் புகை வாசனையோடு மொடமொடவென்று கையில் கொடுத்தார். அவரை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு என் பையில் முதலில் போவது ஈரிழைத் துண்டு. பூத்துவாலை தண்ணீரை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதை மறுநாள்வரை விடாது. ஈரிழையை உதறிப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். துவட்டுவதைவிடப் பிழிவதற்குத்தான் அது எனக்கு அதிகம் வேண்டியிருக்கிறது. துவைத்த சட்டையைக் கையால் பிழிந்து, காய்ந்த துண்டை விரித்து அதன்மேல் சுருக்கமில்லாமல் பரப்புவேன். பாய் சுருட்டுவதுபோல் இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, ஒரு முனையைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு மறுமுனையைக் கை வலிக்க முறுக்குவேன். பிரித்தால் துண்டு கனக்கும், சட்டை லேசாகியிருக்கும். மின்விசிறிக்கு அடியில் போட்டால் இரவுக்குள் காய்ந்துவிடும். காலையில் விரலால் தொட்டுப் பார்த்து நம்பக்கூடாது. தோள்பட்டைத் தையலையும் கழுத்துப் பட்டியையும் கன்னத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஜில்லென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பாலியஸ்டர் சீக்கிரம் காயும் என்று கொஞ்ச நாள் அதையே வைத்திருந்தேன். உடம்பின் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொண்டு, துவைத்த மறுநாளே வாடை அடிக்கும். மெல்லிய பருத்திக்கே திரும்பிவிட்டேன்.

உள்ளாடை விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. கொடியில் துண்டுக்கு அடியில் ஒளித்துப் போடத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வெயிலும் காற்றும் முதலில் வேண்டியது அதற்குத்தானே? இப்போதெல்லாம் எந்த விடுதி மாடியானாலும், கிளிப் மாட்டி, நடுக்கொடியிலேயே போடுகிறேன்.

திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று நாளுக்கு மேல் வண்டியிலேயே வாசம். அங்கே முழுக் குளியல் கிடையாது, வாடை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். வியர்வைக்கு என்று தனி நாற்றம் கிடையாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் கிருமிகள் பெருகி அதைச் சிதைப்பதால்தான் வாடை வருகிறது. ஆகவே அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் சோப்பு. முகத்தையும் கழுத்தையும் ஈரத்துணியால் துடைப்பேன். பாதம் கடைசி. விரலிடுக்கை ஈரம் போகத் துடைக்காவிட்டால் சேற்றுப்புண் நிச்சயம். நாலு செம்புத் தண்ணீருக்குள் முடிந்துவிடும்.

விசாகப்பட்டினம் தாண்டியதும் துண்டை அலசி, சன்னல் கம்பியில் இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டுக் கட்டுவேன். ஆந்திரத்து அனல்காற்றில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். விஜயவாடாவில் வண்டி நிற்கும்போது அவிழ்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, மடித்துப் பையில் வைப்பேன்.