வாண்டுவும் பதினாலு 'சி'யும்

ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு முன்னாடி அக்கா போன் பண்ணினா ரெண்டே காரணம்தான் இருக்கும். ஒண்ணு, வைஃபை வேலை செய்யல. ரெண்டு, பிரிண்டர் வேலை செய்யல. எஞ்சினியரிங் படிச்சு, அமெரிக்கா வந்து, நாள் முழுக்க பொட்டி தட்டுறவனுக்கு சொந்தக்காரங்க குடுக்கிற மரியாதை அவ்ளோதான்னு உங்கள்ல பாதிப் பேருக்கு சொல்லாமலே தெரியும். ஆனா அன்னிக்கு அவ கேட்டது வேற.

"டேய், வாண்டுக்கு பக்கத்துல எங்கயாவது பியானோ போட்டி இருந்தா தேடிக் குடேன். உனக்குத்தான் கூகுள்ல எல்லாம் கிடைக்குமே."

வாண்டு அக்கா பொண்ணு. பத்து வயசு. டல்லாஸுக்கு வடக்கே அவங்க வீடு, அங்கேருந்து பதினஞ்சு நிமிஷத்துல என் அபார்ட்மெண்ட். நாலு வருஷமா பியானோ கத்துக்கிறா. போட்டி வேணும்னு கேட்டதும் அவதான். ஒருநாள் வாசிச்சு முடிச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமா, நான் நிஜமாவே நல்லா வாசிக்கிறேனா?"ன்னு கேட்டா. அக்கா எது வாசிச்சாலும் "சூப்பர்டா செல்லம்"பா. அத்தான் ஆபீஸ் கால்ல இருந்துக்கிட்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். எனக்கு வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் கலர்தான் வித்தியாசம். இந்த மூணு பேர் கிட்ட கேட்டு அவளுக்கு என்ன தெரியப் போகுது? அதனால வெளியாள் யாராவது சொல்லணும்னு நினைச்சிருக்கா.

நானும் பெரிய இவனாட்டம் லேப்டாப்பைத் திறந்தேன். தேடின உடனே வந்து விழுந்துச்சு பாருங்க, அத்தனையும் "சர்வதேச" போட்டி! ஊர்ப் பேரோட சேர்த்துத் தேடினாலும் அதேதான் மேல வந்து நின்னுச்சு. வீடியோ அனுப்பு, பணம் கட்டு, முடிவு மெயில்ல வரும். அடடா, இவ்ளோ சுலபமான்னு எழுபது டாலர் கட்டி வாண்டு வாசிச்ச வீடியோவை ஏத்திவிட்டேன். மூணு வாரத்துல ரிசல்ட். முதல் பரிசு! தங்கப் பதக்கம்! சான்றிதழை பிடிஎஃப்ல அனுப்பியிருந்தாங்க. கோப்பை வேணும்னா தனியா நாப்பத்தஞ்சு டாலராம்.

அக்கா அதைக் கோவில்பட்டி வரைக்கும் வாட்ஸப்ல அனுப்பிட்டா. பெரியப்பா வரிசையா கைதட்டுற பொம்மையா போட்டுத் தள்ளினார். வாண்டு மட்டும் கொஞ்ச நேரம் அந்தப் பேப்பரையே பார்த்துட்டு இருந்தா.

"மாமா, எத்தனை பேர் கலந்துக்கிட்டாங்க?"

"தெரியலடா."

"ரெண்டாவது வந்தது யாரு?"

போய்ப் பார்த்தேன். அவ வயசுப் பிரிவுல முதல் பரிசே முப்பது பேருக்கு மேல இருந்துச்சு. ரெண்டாவதுக்கு ஆளையே காணோம்.

"எனக்கு நடுவுல ரெண்டு இடத்துல தப்பு வந்துச்சே. அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?"

ஒண்ணும் எழுதல. அவ ஒண்ணும் சொல்லாம பேப்பரை மடிச்சு அக்கா கிட்ட குடுத்துட்டு விளையாடப் போயிட்டா. பத்து வயசுக் குழந்தைக்குப் புரிஞ்சது எனக்குப் புரிய எழுபது டாலர் ஆயிருக்கு.

அடுத்த வாரம் வெக்கத்தை விட்டுட்டு அவளோட பியானோ டீச்சர் கிட்டயே போனேன். எழுபது வயசுக்கு மேல இருக்கும் அந்தம்மாவுக்கு. வீட்டு முன்னறைதான் கிளாஸ். விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சுட்டாங்க. "இதை முதல்லயே என்கிட்ட கேட்டிருக்கலாமே. நல்ல போட்டிங்க இருக்கு. ஆனா நீங்க நேரா போய்ச் சேர முடியாது. டீச்சர்தான் பேர் குடுக்கணும்."

கூகுள்ல நான் முட்டி மோதினதுக்குக் காரணம் இதுதான் மக்களே. இந்த ஊர்ல குழந்தைகளுக்கான பியானோ போட்டிகள்ல பெரும்பாலானதை நடத்துறது டீச்சருங்க சங்கங்கள். மியூசிக் டீச்சர்ஸ் நேஷனல் அசோசியேஷன்னு ஒண்ணு, 1876ல ஆரம்பிச்சது. அதுக்குக் கீழ மாநிலத்துக்கு ஒரு சங்கம், அதுக்கும் கீழ ஊர் ஊருக்குச் சங்கம். இவங்க நடத்துற தேசியப் போட்டியில ஜூனியர்னா 11லேர்ந்து 14 வயசு, சீனியர்னா 15லேர்ந்து 18. முதல்ல மாநிலம், அப்புறம் மண்டலம், அப்புறம் தேசம்னு படிப்படியா போகும். நம்ம வாண்டுக்குப் பத்துதான், அதனால அது இப்ப கிடையாது. ஆனா ஊர்ச் சங்கங்கள் சின்னப் பசங்களுக்குன்னு தனியா சொனாட்டினா போட்டி அது இதுன்னு வைப்பாங்க. அதுல பாதி விவரம் வெளில விளம்பரமாவே வராது. டீச்சருங்களுக்குள்ள மெயில்ல போறதோட சரி.

இது தவிர போட்டி மாதிரி இருக்கும், ஆனா போட்டி இல்லைங்கிற வகை ஒண்ணு. நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் மியூசிக் கிளப்ஸ்னு 1898லேர்ந்து இருக்கிற அமைப்பு நடத்துற விழா அப்படி. அடுத்த பிள்ளையோட ஒப்பிட மாட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா தரம் போடுவாங்க. வருஷா வருஷம் கிடைக்கிற புள்ளி சேர்ந்துக்கிட்டே வரும். 15 ஆனா கோப்பை. காசு குடுத்து வாங்குற கோப்பை இல்லை, வருஷக்கணக்கா வாசிச்சு வாங்குற கோப்பை.

இன்னொண்ணு நேஷனல் கில்ட் ஆஃப் பியானோ டீச்சர்ஸ். 1929ல இதே டெக்சாஸ்ல, ஆபிலீன்ங்கிற ஊர்ல, இர்ல் ஆலிசன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. மனப்பாடமா வாசிக்கணும். எத்தனை பாட்டு வாசிக்கிறோமோ அதைப் பொறுத்து லோக்கல், டிஸ்ட்ரிக்ட், ஸ்டேட்னு ஏறிக்கிட்டே போகும். உச்சத்துல இருபது பாட்டு வரைக்கும்! பிள்ளை, பியானோ, நடுவர், அவ்ளோதான். நடுவர் உக்காந்து கேட்டு ஒரு கார்டுல எழுதித் தருவார்.

"இவளுக்கு இப்ப வேண்டியது பரிசு இல்லை. இவளைத் தெரியாத ஒருத்தர் காது குடுத்துக் கேக்கணும். முதல்ல கில்டுக்குப் போகட்டும்"னாங்க டீச்சரம்மா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. வாண்டு என்கிட்ட கேட்டதும் அதைத்தானே?

அவங்க வீட்டுச் சுவத்துல வான் கிளைபர்ன் படம் மாட்டியிருந்துச்சு. யாருன்னு கேட்டுட்டேன். டெக்சாஸ்ல பியானோ டீச்சர் கிட்ட கேக்கக் கூடாத கேள்வி போல, அரை மணி நேரம் விடல. 1958ல, பனிப்போர் உச்சத்துல இருந்தப்ப, மாஸ்கோவுல நடந்த முதல் சாய்காவ்ஸ்கி போட்டியில ஜெயிச்ச அமெரிக்கர். 23 வயசு. திரும்பி வந்தப்ப நியூயார்க் தெருவுல காகித மழை கொட்டி ஊர்வலம் நடத்தியிருக்காங்க. ஃபோர்ட் வொர்த்ல அவர் பேர்ல நடக்கிற பெரிய போட்டி 1962லேர்ந்து இருக்கு. 2022ல இம் யுன்சான்ங்கிற 18 வயசு கொரியப் பையன் ஜெயிச்சு உலகமே யூட்யூப்ல பார்த்துச்சே, அதேதான்.

ஆனா எனக்குப் பிடிச்சது மாஸ்கோவுக்கு முந்தின கதை. கிளைபர்ன் வளர்ந்தது கில்கோர்ங்கிற எண்ணெய்க் கிணத்து ஊர்ல, டல்லாஸ்லேர்ந்து கிழக்கே ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டினா வரும். பியானோ சொல்லிக் குடுத்தது அம்மா. அந்தம்மாவோட குரு ஆர்தர் ஃப்ரீட்ஹைம். அவரோட குரு சாட்சாத் லிஸ்ட். நம்ம ஊர் சங்கீதக்காரங்க குரு பரம்பரை சொல்ற மாதிரியே இருக்குல்ல? பன்னெண்டு வயசுல டெக்சாஸ் மாநிலத்துக்குள்ள நடந்த ஒரு போட்டியில ஜெயிச்சுத்தான், 1947ல ஹூஸ்டன் சிம்பொனியோட மேடை ஏறியிருக்கார். மாஸ்கோவுக்குப் போன ஆளுக்கும் முதல் படி உள்ளூர்லதான் இருந்திருக்கு.

சரி, நம்ம கதைக்கு வருவோம். மே மாசம் ஒரு சனிக்கிழமை. வாண்டுக்கு நாலு பாட்டு, அதாவது டிஸ்ட்ரிக்ட் நிலை. நாங்க கதவுக்கு வெளில நின்னு காதை ஒட்ட வச்சுக் கேட்டுட்டு இருந்தோம். மூணு பாட்டு நல்லாவே போச்சு. கடைசி கிளெமென்டியோட சி மேஜர் சொனாட்டினா. அதுல முதல் பகுதி முடிஞ்சதும் சோகமா ஒரு திருப்பம் வரும். பிள்ளை அந்தத் திருப்பத்துல திரும்பாம மறுபடி ஆரம்பத்துக்கே போயிட்டா. சரி, முதல் பகுதியை ரெண்டு தடவை வாசிக்கிறது வழக்கம்தான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். மூணாவது தடவையும் போனா. இன்ஃபினிட் லூப்! அக்கா என் கையைப் பிடிச்சு நசுக்கிட்டா. நாலாவது தடவை எப்படியோ வழி கண்டுபிடிச்சு திரும்பி, முடிச்சுட்டா.

வெளில வந்தவ முகம் சின்னதாயிருந்துச்சு. கொஞ்ச நேரத்துல கார்டு கைக்கு வந்துச்சு. அக்கா வாங்கிப் பார்த்தா. தாளம், பெடல், டைனமிக்ஸ்னு வரிசையா போட்டு எதிர்ல குறி. அஞ்சு 'ஏ'. பதினாலு 'சி'.

"பதினாலு 'சி'யா!"

அப்புறம் பார்க்கிங் லாட்ல நடந்ததை எழுத எனக்கே கஷ்டமா இருக்கு. "பிராக்டிஸ் பண்ணு பண்ணுன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"ன்னு ஆரம்பிச்சு, அடுத்த வீட்டுப் பிள்ளை, மாசா மாசம் கட்டுற ஃபீஸ் வரைக்கும் போயிடுச்சு. வாண்டு பின் சீட்ல சத்தமே இல்லாம அழுதுட்டு இருந்தா. நானும் பேசாமத்தான் நின்னேன். ஏன்னா எனக்கும் 'சி'ன்னா 'சி'தான். நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சவனாச்சே.

வீட்டுக்குப் போற வழியிலயே டீச்சரம்மா போன். ஸ்பீக்கர்ல போட்டோம். "பதினாலு 'சி'யாமே! முதல் வருஷத்துலயே! வாழ்த்துகள்!"

கார்ல மூணு பேருக்கும் பேச்சே வரல.

விஷயம் என்னன்னா, கில்டு கார்டுல 'சி'ன்னா கமெண்டேஷன், பாராட்டு. 'ஏ'ன்னா அட்டென்ஷன், கவனிக்க வேண்டியது. நாங்க படிச்ச பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டுக்கு அப்படியே தலைகீழ். அக்கா வண்டியை ஒரு பெட்ரோல் பங்க் ஓரமா நிறுத்தினா. இறங்கிப் பின்னாடி போய் வாண்டு பக்கத்துல உக்காந்துக்கிட்டா. "சாரிடா கண்ணா, அம்மாவுக்குத் தெரியல"ன்னா. எங்க வீட்டுல பெரியவங்க சின்னவங்க கிட்ட சாரி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மிச்ச தூரம் நான்தான் ஓட்டினேன்.

கார்டுக்குக் கீழ நடுவர் கையால ரெண்டு வரி எழுதியிருந்தார். வழி தப்பினப்பகூட தாளம் நிக்கல, அது நல்ல அறிகுறி. ஆனா பாட்டை எந்த இடத்துலேர்ந்து கேட்டாலும் ஆரம்பிக்கத் தெரியணும், அப்படிப் பழகுன்னு. வாண்டு அதை எத்தனை தடவை படிச்சிருப்பான்னு தெரியல. அன்னிக்குச் சாயங்காலமே பியானோ முன்னாடி உக்காந்துட்டா. "மாமா, ஏதாவது ஒரு நம்பர் சொல்லு. அந்த வரிலேர்ந்து வாசிக்கிறேன்." நான் நம்பர் சொல்லிட்டே இருந்தேன்.

இந்த இடத்துல ஒரு சின்னக் கொசுவத்தி. கோவில்பட்டியில நான் ஏழாவது படிக்கிறப்ப, எட்டயபுரத்துல பாரதி பிறந்த நாளுக்குப் பேச்சுப் போட்டி. அது நடக்குதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. எங்க தமிழ் ஐயா சட்டைப் பையில மடிச்சு வச்சிருந்த சுற்றறிக்கையை எடுத்து, கிளாஸை ஒரு தடவை சுத்திப் பார்த்து, "எலேய், நீ வா"ன்னார். பஸ்ல கூட்டிட்டுப் போனதும் அவரே, டிக்கெட் எடுத்ததும் அவரே. எனக்குப் பரிசு கிடைக்கல. வர்ற வழியில, "குரல் நல்லாருக்குலே, ஆனா மூச்சு விடாம பேசுற. நிறுத்திப் பேசு"ன்னார். இன்னிக்கும் மீட்டிங்ல பேசுறப்ப அது ஞாபகம் வரும். போட்டியைத் தேடி நான் போகல, என்னைத் தெரிஞ்ச ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். டெக்சாஸ்லயும் அதே கதைதான். பிள்ளை எதுக்குத் தயார், எதுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகணும்னு தேடுபொறிக்கு எப்படித் தெரியும்?

உங்க வீட்டுலயும் பியானோ வாண்டு இருந்தா நான் பட்டதுலேர்ந்து நாலு விஷயம்:

1. முதல்ல டீச்சர் கிட்ட கேளுங்க. அவங்க எந்தச் சங்கத்துலயும் உறுப்பினர் இல்லைன்னா பல கதவு திறக்காது. புதுசா டீச்சர் தேடுறப்பவே இதையும் விசாரிச்சுக்கோங்க.

2. மாநிலச் சங்கத்து வலைத்தளத்துல ஊர்ச் சங்கங்களோட விவரம் இருக்கும். பக்கத்து யுனிவர்சிட்டி இசைத் துறை, பியானோ கடை நோட்டீஸ் போர்டு ரெண்டையும் விடாதீங்க.

3. பெரிய போட்டிகளுக்கு செப்டம்பர்லயே பேர் குடுக்கணும். பாட்டு தேர்ந்தெடுக்கிற வேலை கோடை லீவுலயே ஆரம்பிக்கணும்.

4. பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி. நடுவர் யார்? எழுத்துல கருத்து தருவாங்களா? போன தடவை முதல் பரிசு எத்தனை பேருக்கு? மூணாவது கேள்வி எழுபது டாலர் மதிப்புள்ளது.

இப்ப அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் மேல பதினாலு 'சி' கார்டு காந்தம் போட்டு நிக்குது. தங்கப் பதக்கச் சான்றிதழ் எங்கன்னு தெரியல, யாரும் தேடவும் இல்லை. ஊர்ச் சங்கத்து சொனாட்டினா போட்டிக்கு டீச்சரம்மா பேர் குடுத்திருக்காங்க. அதே கிளெமென்டிதான். இந்தத் தடவை திருப்பத்துல திரும்பிடுவேன்னு சொல்றா. பார்ப்போம்.

டிஸ்கி: கிளைபர்ன் பேர்ல அமெச்சூர்களுக்குன்னும் ஒரு போட்டி இருக்கு, 1999ல ஆரம்பிச்சது. 35 வயசு ஆயிருக்கணும், பியானோ வாசிச்சுப் பொழைக்கிற ஆளா இருக்கக் கூடாது. ரெண்டாவது தகுதி எனக்கு இப்பவே இருக்கு. முதலாவதுக்கு இன்னும் ஏழு வருஷம். வாண்டு ஞாயித்துக்கிழமை தோறும் எனக்குக் கிளாஸ் எடுக்கிறா. இதுவரைக்கும் வாங்கினது எல்லாமே 'ஏ'.