எட்டு மில்லிமீட்டர்

என் காரின் பின்சக்கர பிரேக் டிஸ்க்கில் ஒரு எண் பொறித்திருக்கிறது: குறைந்தபட்ச கனம் 8 மி.மீ. பிரேக் பிடிக்கையில் பாரம் முன்பக்கம் சாய்வதால் பின் டிஸ்க்குக்கு வேலை குறைவு, துருவேறித்தான் கெடுகிறது. லேத்துக்காரர் மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் அளந்தார். ஆகக் குறைவு 8.34. துருக்குழி மறைய இருமுகத்திலும் கால் மில்லி கடைய வேண்டும், மிஞ்சுவது 7.84.

'கடைஞ்சா பளபளன்னு வரும் சார். சூடு தாங்காது.' லேத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்.

கவிதையில் இப்படி எண் பொறித்து வருவதில்லை. திருத்தித் திருத்தி வழவழப்பாகி, எதையும் தாங்காமல் போன கவிதைகள் நம் பத்திரிகைகளில் (இதிலும்தான்) எத்தனை!

மறுபக்க டிஸ்க் 8.9 இருந்தது. அதையும் மாற்றச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டுமாம்.