வைத்தியரை மாற்றுதல்

வெள்ளவத்தையிலிருந்து வத்தளைக்கு வீடு மாறியபோது தளபாடங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன; இருபது ஆண்டுகளுக்கு மேல் எம்மைப் பார்த்த குடும்ப வைத்தியர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். மனைவிக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்பதைக் கேளாமலே அறிந்திருந்தவர் அவர்.

பிரித்தானியாவில் வசிப்போர் ஒரு வைத்தியரிடம் பதிவுசெய்துகொள்கின்றனர். இடம் மாறினால் மருத்துவக் குறிப்புகளும் பின்தொடர்ந்து செல்கின்றன. இலங்கையில் எவரும் எந்தத் தனியார் வைத்தியரையும் நாடலாம். அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலையுண்டு. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் கொப்பியாவது கையில் இருக்கும். தனியார் வைத்தியர்கள் பலர் மருந்தையும் தாமே வழங்குவதால், சிறு கடதாசி உறையில் 'காலை 1, இரவு 1' என்பதற்கு மேல் எதுவும் இராது. நோயாளியின் வரலாறு வைத்தியரின் நினைவில் மட்டுமே வாழ்கிறது.

"இரத்த அழுத்தத்துக்கு என்ன குளிசை எடுத்தீர்கள், ஐயா?" என்று கேட்டார் புதிய வைத்தியர். வெள்ளை, வட்டம் என்பதே எனது பதில். "பெயர் தெரியாமல் எழுதமாட்டேன்" என்றார். அந்த மறுப்பே அவர்மீது நம்பிக்கையை ஏற்படுத்தியது.

மறுநாள் வெள்ளவத்தைக்குச் சென்றேன். பழைய வைத்தியர் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை அனைத்தையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். பிரதியொன்று இப்போது எனது அடையாள அட்டையோடு இருக்கிறது.

வீடு மாறவிருக்கும் நண்பர்களே, லொறி வருமுன் அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.