சர்க்யூட் பிரேக்கருக்கும் ஓர் ஆயுத பூஜை

ஆயுத பூஜை வந்தால் கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து மில்களில் மின் அறைக்கும் மரியாதை வந்துவிடும். பேனல் கதவுகளில் சந்தனம், குங்குமம், ஒரு பூமாலை. எதிரே பொரியும் சுண்டலும். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சர்க்யூட் பிரேக்கர் கடைசியாக எப்போது டிரிப் ஆனது என்று கேட்டால் பல இடங்களில் பதில் கிடைக்காது. "அது பாட்டுக்கு நல்லா இருக்கு, எதுக்குண்ணே நோண்டணும்?" என்பார்கள்.

மோட்டார் பழுதானால் உடனே தெரியும். சத்தம் வரும், சூடாகும், நின்று போகும். பிரேக்கர் அப்படி இல்லை. அதன் முக்கியமான வேலையே, கோளாறு ஏற்படும் அந்த ஒரு நொடியில் திறப்பதுதான். அதுவரை வருடக்கணக்கில் சும்மா மூடியே கிடக்கும். திறக்க முடியாத நிலைக்கு அது போய்விட்டாலும் வெளியே ஒன்றும் தெரியாது.

எவ்வளவு வேகம் வேண்டும்?

வீடுகளில் இருக்கும் எம்சிபியின் பெரிய அண்ணன்கள்தான் இவை. 415 வோல்ட் பக்கத்தில் ஏசிபி எனப்படும் காற்று பிரேக்கர், 11 அல்லது 22 ஆயிரம் வோல்ட் பக்கத்தில் விசிபி எனப்படும் வெற்றிட பிரேக்கர். ஷார்ட் சர்க்யூட் ஆனால் பல ஆயிரம் ஆம்பியர் பாயும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. உயர் அழுத்த பிரேக்கர், டிரிப் கட்டளை வந்து மூன்று முதல் ஐந்து சுற்றுக்குள், அதாவது 60 முதல் 100 மில்லி நொடிக்குள், மின்னோட்டத்தை அறுக்க வேண்டும். அது தாமதமானால் தீப்பொறி வில் நீடிக்கும். அதன் வெப்பம் சுமார் 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடும். சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 டிகிரிதான். கம்பியைத் தொடாமலேயே, தள்ளி நிற்பவரையும் இந்த வில் எரித்துவிடும் என்பதை 1982-இல் ரால்ஃப் லீ என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் கட்டுரையில் கணக்கிட்டுக் காட்டினார்.

'ஆஃப்' என்றால் போதுமா?

ஆக, பராமரிப்பு கட்டாயம். ஆனால் பராமரிக்கப் போன இடத்திலேயே உயிர் போவதும் உண்டு. பெரும்பாலும் அதற்கு முன் சொல்லப்பட்ட வார்த்தை, "ஆஃப் பண்ணியாச்சுண்ணே" என்பதுதான்.

பிரேக்கரை ஆஃப் செய்தாலும் அதன் மேல்முனையில் ஈ.பி. மின்சாரம் இருக்கும். கீழ்முனைக்கு ஜெனரேட்டரோ கூரை சோலாரோ பின்வழியாக மின்சாரம் அனுப்பலாம். கெப்பாசிட்டர் பேங்க், இணைப்பு அறுந்த பிறகும் சில நிமிடம் மின்னூட்டத்தை வைத்திருக்கும். எனவே பிரேக்கரை ஆஃப் செய்து, ரேக் அவுட் செய்து வெளியே இழுக்க வேண்டும். உள்வரும் லைனில் வேலை என்றால் ஈ.பி.யிடம் எல்.சி. வாங்க வேண்டும். வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் பூட்டைத் தாமே போட்டு, சாவியைத் தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும்.

அடுத்தது சோதனை. டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மூன்று பேஸிலும் பார்க்க வேண்டும். மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். நடுவில் டெஸ்டரே செத்துப் போயிருந்தால், இல்லாத பாதுகாப்பை அது காட்டிவிடும் அல்லவா? அதன் பின்தான் எர்த்திங். பூமி முனையை முதலில் மாட்ட வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் கழற்ற வேண்டும்.

மின்சாரம் போன பிறகும் ஓர் ஆபத்து மிச்சமிருக்கிறது. அது ஸ்பிரிங். பிரேக்கரை நொடியில் இயக்கும் அந்த ஸ்பிரிங் விரலை நசுக்கிவிடும். சார்ஜ் செய்யும் மோட்டாரின் சப்ளையை எடுத்துவிட்டு, பிரேக்கரை ஒருமுறை மூடி, மீண்டும் திறந்து, ஸ்பிரிங்கின் விசையை முழுவதும் இறக்கிய பிறகே உள்ளே கை வைக்கலாம்.

முதல் டிரிப் சொல்லும் உண்மை

பல மில்களில் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிரேக்கரை நாலைந்து முறை திறந்து மூடி, துடைத்து, கிரீஸ் வைத்துவிட்டுப் பிறகு அளப்பார்கள். அளவு நன்றாகவே வரும். ஆனால் நெடுநாள் கிடந்து கெட்டியான கிரீஸ் முதல் டிரிப்பில்தான் பிடித்து இழுக்கும். இரண்டாவது முறை இளகிவிடும். உண்மையான கோளாறு வரும்போது பிரேக்கருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. எனவே நேரம் அளக்கும் கருவியை அந்த முதல் டிரிப்பிலேயே மாட்டியிருக்க வேண்டும்.

அடுத்து கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ். 1000 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 50 மைக்ரோ ஓம் இருந்தால் வெப்பம் 50 வாட். அதுவே 750 மைக்ரோ ஓம் ஆனால் 750 வாட். பேனலுக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டி இரவு பகலாக எரிவதற்குச் சமம்! தயாரிப்பாளர் சொன்ன அளவோடும், மற்ற இரண்டு பேஸோடும் இதை ஒப்பிட வேண்டும். வெள்ளி பூசிய முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வெள்ளிதான் போகும். கண்ட எண்ணெயைப் பீய்ச்சினால் இருக்கும் கிரீஸும் கரைந்துவிடும். மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பதும், ரிலேவுக்குச் செயற்கையாக மின்னோட்டம் கொடுத்து அது பிரேக்கரை உண்மையிலேயே டிரிப் செய்கிறதா என்று பார்ப்பதும் அடுத்தடுத்த வேலைகள்.

முடித்ததும் ஸ்பேனரையும் துணியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பஸ்பார் மேல் மறந்துவைத்த ஒரு ஸ்பேனர் போதும், எல்லாம் வீண். எர்த்திங்கை எடுத்த பிறகு, முடிந்தால் தூரத்திலிருந்து ஆன் செய்ய வேண்டும். இல்லையேல் கதவைப் பூட்டிவிட்டுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

இத்தனைக்கும் மில்லை நிறுத்த நாள் வேண்டுமே என்பார்கள். ஆயுத பூஜையை ஒட்டி எப்படியும் மில் நிற்கும். அதில் ஒரு நாளைக் கொடுத்து, அளந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதன் பிறகு தாராளமாகப் பொட்டு வைக்கலாம். ஆனால் கதவுக்கு வெளியே மட்டும்!