பழைய சுவரும் நாட்டுக்கோழி முட்டையும்

நாமக்கல் தனி ஜில்லாவானது 1997-ல். அதற்கு வெகுகாலம் முன்பு, கொல்லிமலை அடிவாரத்து நம் கிராமம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த நாளில், சர்க்கார் சிப்பந்திகள் டி.டி.டி. மருந்தடிக்க வருவார்கள். வாளியில் கரைத்ததைச் சுவரெங்கும் பீய்ச்சிவிட்டு, கதவோரம் தேதியை எழுதிப் போவார்கள். அப்பத்தாள் கோழிகளைப் பஞ்சாரத்தில் மூடிவிட்டு, கும்பிடாத குறையாக அவர்களை வரவேற்பாள். காரணம் உண்டு. 1953-ல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய சமயம், பாரத நாட்டில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் அந்தக் காய்ச்சலில் விழுந்தனர்; எட்டு லட்சம் பேர் மாண்டனர். அறுபதுகளின் நடுவில் நோயாளிகளின் தொகை ஏறத்தாழ ஒரு லட்சமாகச் சுருங்கிற்று. அந்த உபகாரத்தை நாம் மறக்கவில்லை.

சென்ற மாதம் மருமகள் கேட்டாள்: "மாமா, பாப்பாவுக்குப் பண்ணை முட்டை வேண்டாமுங்க. கொல்லையிலே மேயற நாட்டுக்கோழி முட்டையே கொடுக்கட்டுங்களா?"

முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் இப்படியொரு கேள்வி! "பேஷாகக் கொடு" என்று சொல்ல வாயெடுத்தோம். பழைய சுவர் கண்ணில் பட்டது. வீடு அதே வீடு. சுவரும் அதே சுவர்.

டி.டி.டி. லேசில் மக்குவதில்லை. சுவரிலிருந்து உதிர்ந்தது மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் கொழுப்பில் சேர்ந்து, மஞ்சள் கருவில் வெளிப்படும். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில், மலேரியாவுக்காக மருந்தடித்த கிராமங்களின் மேய்ச்சல் கோழி முட்டைகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். கூண்டுக் கோழிக்கோ மண்ணின் வாசனையே தெரியாது. (அதன் தீனியைப் பற்றிய வழக்கு வேறு.)

உடம்பில் தங்கினால் என்ன கேடு? டில்லியில் எலிகளுக்கு டி.டி.டி. ஊட்டிப் பார்த்தனர். நோயை எதிர்க்க இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள் குறைந்தது. புரதம் குறைந்த தீனி தின்ற எலிகளுக்கு இன்னும் அதிகமாகக் குறைந்தது. எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் அப்படியே நேரும் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் பரோயே தீவுகளைப் பற்றி 2012-ல் வெளியான ஆராய்ச்சி பிள்ளைகளையே சோதித்தது. அங்கே ஆராய்ந்தவை வேறு குலத்து ரசாயனங்கள். ஒட்டாத வாணலித் தொழிலில் புழங்கியவை. அழியாமையில் மட்டும் டி.டி.டி.க்கு உடன்பிறப்பு. ஐந்து வயதில் அவை இரத்தத்தில் இரு மடங்காக இருந்த பிள்ளைகளிடம், டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசிகள் தந்த எதிர்ப்பொருள் ஏழு வயதில் ஏறத்தாழப் பாதியாகவே காணப்பட்டது. ஊசி போட்டாயிற்று என்று பெற்றோர் நிம்மதியாயிருக்க, உள்ளே காவல் பாதிதான்!

இதைக் கேட்டு மருமகள், "அப்படியானால் முட்டையே வேண்டாமுங்க" என்றாள். அதுவும் சரியன்று, புரதம் குறைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த எலிகள் காட்டினவே! பாப்பாவுக்கு இப்போதைக்குப் பண்ணை முட்டையே போகிறது. கோழிகளைக் கொல்லையின் மறு கோடிக்கு மாற்றிப் புதுமண் கொட்டியிருக்கிறோம். அவை பொழுது சாய்ந்தால் பழைய சுவரோரத்துக்கே திரும்பி வருகின்றன. தினம் விரட்ட வேண்டியிருக்கிறது.