பெறப்படாத கடிதம்

முதல் பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பும் இரவு வேலையை 26 வருஷம் பார்த்தவன் நான். தலைப்பு எழுதுவது கைப்பழக்கம். கையில் வந்துவிட்ட செய்தியை நிறுத்திவைப்பதுதான் பாடு. இடம் காலியாகக் கிடக்கும். அச்சகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் "இது இன்னும் சரிபார்க்கல, நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

அப்போதெல்லாம் எனக்கு ஜோசபஸ் டேனியல்ஸ் நினைவுக்கு வருவார். அமெரிக்காவின் வட கரோலினாக்காரர். 1894இல் ராலே நகரின் ‘நியூஸ் அண்ட் அப்சர்வர்’ நாளிதழை வாங்கினார். 1898 தேர்தல் சமயத்தில் கறுப்பின மக்கள்மீது வெறுப்பைக் கிளப்ப அதையே கருவியாக்கினார். கேலிச்சித்திரங்கள் முதல் பக்கத்திலேயே வந்தன. அந்த நவம்பர் 10ஆம் தேதி அதே மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம், கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகையின் அலுவலகத்தைக் கொளுத்தியது. மக்களைச் சுட்டுக் கொன்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட நகர நிர்வாகத்தைத் துரத்தியது. வந்த செய்திகளைச் சலித்தெடுப்பதில் தன் பத்திரிகை அத்தனை கவனமாக இருந்ததில்லை என்று பின்னாளில் அவரே நினைவுக்குறிப்பில் ஒப்புக்கொண்டார். அந்த இடத்தை என்னால் எளிதில் தாண்டிப் போக முடிந்ததில்லை.

1933இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அவரை மெக்சிகோவுக்குத் தூதராக அனுப்பினார். வயது 70, ஸ்பானிஷ் தெரியாது. போதாததற்கு, 1914இல் வெராக்ரூஸ் துறைமுகத்தை அமெரிக்கா பிடித்தபோது கடற்படை அமைச்சராக இருந்தவர் அவர். தூதரகத்தின்மீது கல்லெறிந்தார்கள்.

1938 மார்ச் 18 அன்று மெக்சிகோ அதிபர் லாசரோ கார்தெனாஸ் அந்நிய எண்ணெய் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கினார். வாஷிங்டனிலிருந்து கடுமையான கண்டனக் கடிதம் வந்தது. டேனியல்ஸ் அதை மெக்சிகோ வெளியுறவு அமைச்சரிடம் கொடுத்தார். கொடுத்த கையோடு விட்டுவிடாமல், அது பெறப்படாததாகவே இருக்கட்டும் என்று அவருடன் பேசி முடித்தார். கடிதம் பகிரங்கமாகவில்லை. மே மாதம் பிரிட்டனுடன் மெக்சிகோ உறவை முறித்துக்கொண்டது. அமெரிக்காவுடனான உறவு நீடித்தது. பேச்சுவார்த்தை நடந்தது, நஷ்டஈடு பேசித் தீர்ந்தது.

அச்சேறப் போகும் பக்கத்திலிருந்து ஒரு செய்தியைக் கடைசி நிமிஷத்தில் எடுக்கிற கையை நான் அங்கே காண்கிறேன். ஆனால் இது வில்மிங்டனுக்கு ஈடு என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கடிதத்துக்கு 1938இல் காட்டிய அந்த நிதானம், 1898இல் அவருடைய மேசைக்கு வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்குக்கூடக் கிடைக்கவில்லை.

ராலேயில் நின்ற அவர் சிலையை 2020 ஜூனில் அவருடைய குடும்பத்தாரே அகற்றினார்கள்.