வயிற்றுத் திசுவும் குருதி வழியும்

மார்பகப் புற்றுநோய் என்ற சொல்லை எமது வீடுகளில் நாம் இன்றும் தாழ்ந்த குரலிலேயே சொல்கின்றோம். நியூ ஜேர்சியில் எம் உறவுப் பெண் ஒருவரின் மார்பகம் அகற்றப்பட்டபோது, கீழ்வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டு புதிய மார்பகம் அமைக்கலாம் என மருத்துவர் கூறினார். "இந்த வயதில் இது எதற்கு?" என்றனர் சிலர். "வெட்டி எடுத்த சதை எப்படி உயிர் வாழும்?" என்பதே எம் எல்லோரினதும் அச்சமாக இருந்தது.

விடை குருதியோட்டத்தில் உள்ளது. வயிற்றின் நடுத்தசைக்கு நெஞ்சிலிருந்து இறங்கும் நாடி ஒன்றும் இடுப்புப் பக்கமிருந்து ஏறும் நாடி ஒன்றும் குருதி கொடுக்கின்றன. அவற்றின் கிளைகள் தசையைத் துளைத்துத் தோலை அடைகின்றன. 1982 இல் அற்லாண்டா மருத்துவர் கார்ல் ஹார்ட்ராம்ப் வெளியிட்ட முறையில், தசையானது மேல் நாடியின் இணைப்புடனேயே மார்புக்குத் திருப்பப்பட்டது. ஆயினும் கீழ்வயிற்றுக்குப் பிரதான குருதி வழி கீழ் நாடியே. ஆதலால் அந்நாடியை வெட்டி, நுணுக்குக்காட்டியின் உதவியுடன் நெஞ்சின் குருதிக் குழாய்களுடன் பொருத்தும் முறை வளர்ந்தது. தசையை வயிற்றிலேயே விட்டு, துளைத்துவரும் கிளைகளை மட்டும் பிரித்தெடுக்கும் முறையை 1992 இல் நியூ ஓர்லியன்ஸ் மருத்துவர் ரொபேட் அலன் மார்பக அமைப்புக்குப் பயன்படுத்தினார்.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. வாய்க்காலுக்கு அருகிலுள்ள வயல் செழிக்கும்; கடைக்கோடி வயல் வாடும். நாடிக்கு அருகிலுள்ள திசுவும் அவ்வாறே பிழைக்கிறது. நடுக்கோட்டுக்கு அப்பால் தொலைவிலுள்ள பகுதிக்குக் குருதி குறைவாதலால், அதனை மருத்துவர் பெரும்பாலும் வெட்டி நீக்கிவிடுவர். குருதி போதாவிடில் கொழுப்பு இறந்து கட்டியாகும். டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனிலுள்ள எம். டி. அண்டர்சன் புற்றுநோய் மையத்தின் மருத்துவர் ஸ்டீபன் குரோல் 2000 இல் வெளியிட்ட ஆய்வு, தசையை விட்டெடுக்கும் முறை எல்லோருக்கும் பொருந்தாது என்றும், தகுந்த அளவுடைய கிளை உள்ளவர்களையே தெரிவுசெய்ய வேண்டும் என்றும் காட்டியது. இன்று ஸ்கான் மூலம் இக்கிளைகளை முன்னரே கண்டறிகின்றனர்.

ஆகவே, புகைப்பழக்கத்தையும் வயிற்றில் முன்பு நடந்த சத்திரசிகிச்சைகளையும் மறைக்காது கூறுவது அவசியம். சிசேரியன் தழும்பு இருப்பதாலேயே இம்முறை இயலாது என்று எண்ணிவிடவும் கூடாது. அதனை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

மார்பகம் அகற்றும் செலவை ஏற்கும் காப்புறுதித் திட்டங்கள், அதனை மீள அமைக்கும் செலவையும், மற்றைய மார்பகத்தை அதற்கு ஒப்பாக்கும் செலவையும் ஏற்க வேண்டுமென 1998 ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் விதிக்கிறது. வயது அதற்குத் தடையன்று.

மீள அமைப்பதும் அமைக்காமல் விடுவதும் அப்பெண்ணின் முடிவு. பெற்ற வயிறு அவருடையது, உடலும் அவருடையது. அவர் அருகிலிருந்து, அவர் கேட்க நினைக்கும் கேள்விகளை மருத்துவரிடம் அச்சமின்றிக் கேட்க உதவுவதே எமது கடமை.